பையில் 400 கிராம்

துவைக்க எடுத்த பேன்ட்டைப் பார்த்தேன். வலது பையில் வெளிறிப்போன ஒரு தடம், ரிவால்வர் உறையின் அச்சு அப்படியே.

ரிவால்வருக்கு அலுமினியச் சட்டம், .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகை, 5 தோட்டா கொள்ளும், காலியாக 400 கிராமுக்குச் சற்று மேல். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் எடுக்கும்போது துணியில் மாட்டாது. இருப்பதே மறந்துபோகும் என்றுதான் வாங்கினேன்.

சுடும்போது மறக்க விடாது! எடை குறைந்தால் உதை கூடும். பயிற்சியில் 20 தோட்டா தாண்டினால் கட்டைவிரலுக்கு அடியில் எரிகிறது. (பெரிய துப்பாக்கி இதைவிடச் சாது.) குழலும் 2 அங்குலத்துக்குக் குறைவு, விசையை முரட்டுத்தனமாக இழுத்தால் குறி எங்கேயோ போகும்.

அப்புறம், இது பையில் இருக்கும்போது யாராவது வண்டியை இடித்துவிட்டு என்னையே திட்டினாலும், நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்டு நகர்கிறேன். முன்பெல்லாம் பதிலுக்குக் கத்துவேன்.