இடித்தவனே தூக்கிக்கொண்டு போனான்

விக்கிரவாண்டி அருகே சர்வீஸ் சாலையிலிருந்து திடீரென ஏறிய கார் என் பைக்கை இடித்தது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஓட்டிவந்த பையனே என்னைத் தன் காரில் கிடத்தி விழுப்புரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அழுதான். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதா என்று பிறகு ஐந்து மாதம் என்னை முடிவெடுக்கவிடாமல் செய்தது அந்த அழுகைதான்.

மருத்துவமனையில் அடிபட்ட விவரத்தை எழுத வந்தபோது பையன் என் காதருகே குனிந்தான். "அண்ணா, போலீஸ் கேஸ் ஆனால் பாஸ்போர்ட் கிடைக்காது. சறுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடுங்கள், பில்லை நான் கட்டுகிறேன்." வலியில் தலையாட்டியிருப்பேன். உள்ளூரில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் அதற்குள் வந்துவிட்டார். கார் நம்பரோடு எழுதவைத்தது அவர்தான். விபத்துப் பதிவேட்டின் நகலான அந்த ஏ.ஆர். காப்பியில் 'தானே விழுந்தார்' என்று ஏறியிருந்தால், இன்சூரன்ஸ் தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

பிளேட் வைத்துத் தைத்தார்கள். பில் 1,60,000 ரூபாய். பையனின் அப்பா 50,000 ரூபாயும் முத்திரைத்தாளுமாக வந்தார். வார்டு வாசலில், கிடைக்கும் நஷ்டஈட்டில் 30 சதவீதம் கொடுத்தால் போதும் என்று வக்கீல் ஒருவர் அட்டை நீட்டினார். வக்கீல் இப்படிப் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரிடமும் கையெழுத்துப் போடவில்லை. துணிச்சல் என்று சொல்ல மாட்டேன், குழப்பம்தான்.

பண்ருட்டியில் தெரிந்த வக்கீல் ஒருவர் முதலில் கேட்டது என் காலைப் பற்றி அல்ல. காரின் பாலிசியும் பையனின் லைசென்ஸும் விபத்தன்று நடப்பில் இருந்தனவா என்றுதான். இருந்தன. அப்படியானால் மனுவில் அவன் முதல் எதிர்மனுதாரர், பணம் கட்டவேண்டியது இரண்டாவதாக வரும் இன்சூரன்ஸ் கம்பெனி என்றார். பாலிசி காலாவதியாகியிருந்தால் அந்தக் குடும்பத்தின் மீது நான் வழக்குப் போட்டிருக்க மாட்டேன். இது சட்டம் சொல்லும் நியாயமல்ல, என் மனசு.

இன்னொரு வழியும் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 164ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கோரலாம். ஆனால் கம்பெனி தரும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் தவறை நிரூபித்து நஷ்டஈடு கோரும் 166ஆம் பிரிவின் கீழ் போட்ட மனு அற்றுப்போகும். பிளேட்டை எடுக்க மறுபடி ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. மூன்று மாதச் சம்பளமும் போய்விட்டது. 166 என்று முடிவு செய்தேன்.

அதற்கும் கெடு இருந்தது. 1994 முதல் காலவரம்பே இல்லாமலிருந்ததை, 2022இல் நடைமுறைக்கு வந்த அதே திருத்தத்தில் விபத்திலிருந்து ஆறு மாதமாக்கிவிட்டார்கள். எனக்கு ஐந்து மாதம் கழிந்திருந்தது. காகிதங்களுக்கு ஓடினேன்: எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, மருந்துக்கடைச் சீட்டுகள். பலா மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். சம்பளம் கையில் வரும், சீட்டு வராது. முதலாளி எழுதிக்கொடுத்தார், சாட்சி சொல்ல வருவாரா என்பதைப் பலா சீசன் முடிந்த பிறகுதான் கேட்கவேண்டும்.

விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் பகுதியிலேயே போடலாம் என்பதால் கடலூரில் எம்.சி.ஓ.பி. எனப்படும் விபத்து நஷ்டஈட்டு மனுவைத் தாக்கல் செய்தோம். நோட்டீஸ் போன அன்று மாலை பையன் பேசினான்.

"என் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறீர்கள், அண்ணா."

வக்கீல் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.