நான்காவது கியரில் மட்டும் வராத இரண்டாவது டர்போ

சீக்வென்ஷியல் ட்வின் டர்போ, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போக்கள் உள்ள வண்டி ஒன்று லிஃப்டில் ஏறினால் போதும், "இந்த ஹோஸையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ரெண்டு டர்போவையும் ஒரேயடியாக ஓடவிடலாமே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. டர்போக்கள் கெட்டு வந்த வண்டிகளைவிட, டர்போக்களை இயக்கும் சின்னச் சின்ன வால்வுகளும் குழாய்களும் கெட்டு வந்த வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஏற்பாடு இதுதான். டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, அந்த அழுத்தம்தான் பூஸ்ட். குறைந்த ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் முழுவதும் முதல் டர்போவுக்கே போகும், அதனால் அது சட்டென்று பூஸ்ட் கொடுக்கும். வேகம் ஏறியதும் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். 1986-இல் வந்த போர்ஷே 959-இல் இது இருந்தது. 1990-களில் மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சுப்ரா போன்றவை இதைப் பரவலாக்கின. ரோட்டரி இன்ஜின் உள்ள ஆர்எக்ஸ்-7-இல் ஏறக்குறைய 4,500 ஆர்பிஎம்மில் கைமாற்றம் நடக்கும். பூஸ்ட் கேஜில் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) நிற்கும், மாறும் நொடியில் 8-க்கு இறங்கும், திரும்ப 10-க்கு வரும். இந்த 10-8-10 சரியாக வந்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஒரு நொடிக்குப் பின்னால் நடப்பது நிறைய. இரண்டாவது டர்போ திடீரென்று சேர்ந்தால் பூஸ்ட் விழுந்துவிடும், அதனால் முன்கூட்டியே கொஞ்சம் எக்ஸாஸ்டை அதற்குக் கசியவிட்டுச் சுழல வைப்பார்கள். அது தரும் காற்று அதுவரை ரிலீஃப் வால்வு வழியாக வெளியே போகும். பிறகு ரிலீஃப் வால்வு மூடும், எக்ஸாஸ்ட் கதவு முழுதாகத் திறக்கும், இரண்டாவது டர்போவின் காற்று இன்ஜினுக்குள் போகக் கன்ட்ரோல் வால்வு வழிவிடும். கம்ப்யூட்டர் செய்வது சோலினாய்டுகளுக்கு, அதாவது கரண்டில் திறந்து மூடும் சின்ன வால்வுகளுக்கு, கரண்ட் கொடுப்பது மட்டும்தான். கதவை அசைப்பது வேக்கமும் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) பிரஷரும். அந்த வண்டிகளில், கதவு உண்மையிலேயே திறந்ததா என்று திருப்பிச் சொல்ல சென்சார் கிடையாது.

பூஸ்ட் வந்துவிட்டால், இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் வேக்கம் இருக்காது. ஆனால் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டருக்கு வேக்கம் வேண்டியது அப்போதுதான். அதற்காகத்தான் ஒரு சின்ன டாங்கில் அதைச் சேமித்து, திரும்பி ஓடாமல் செக் வால்வு போட்டு வைத்திருக்கிறார்கள். நம்பகத்தன்மையைக் கெடுக்கும் இடம் இதுதான் என்பது என் அனுபவம்.

ஒரு வண்டி எனக்கு இதை நன்றாகப் புரியவைத்தது. இரண்டாவது கியரில் மிதித்தால் அருமையாகப் போகும். நான்காவது கியரில் 4,500-ஐத் தாண்டியதும் பூஸ்ட் சரிந்துவிடும், இரண்டாவது டர்போ வரவே வராது. வேறு இடத்தில் பார்த்தபோது டர்போவையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். டர்போ கெட்டிருந்தால் எல்லா கியரிலும் கெட்டுத்தானே இருக்க வேண்டும்? இரண்டு கியருக்கும் உள்ள வித்தியாசம் நேரம்தான். இரண்டாவதில் 4,500 சீக்கிரம் வந்துவிடும், நான்காவதில் தாமதமாகும். அந்த இடைவெளியில் டாங்கில் இருந்த வேக்கம் கசிந்து தீர்ந்துகொண்டிருந்தது. இன்ஜின் ஆறியிருந்தபோது கைப்பம்பு வைத்து 20 இஞ்ச் (பாதரச அளவில்) வேக்கம் ஏற்றிப் பார்த்தேன், முள் இறங்காமல் அங்கேயே நின்றது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு அதையே செய்தபோது முள் கண்ணெதிரே இறங்கியது. மேனிஃபோல்டுக்கு அடியில் வெந்துபோன ஒரு பிளாஸ்டிக் செக் வால்வு! அதன் விலையை டர்போவின் விலையோடு ஒப்பிடவே முடியாது.

அதிலிருந்து சூடான இன்ஜினில் சோதிக்காமல் எதையும் நல்லது என்று எழுதுவதில்லை. சோலினாய்டையும் சத்தம் கேட்டு நம்புவதில்லை. 12 வோல்ட் கொடுத்தால் டிக் என்று கேட்கும், ஆனால் உள்ளே காற்று வழி பாதி அடைத்திருக்கலாம். ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

மேனிஃபோல்டைக் கழற்றினால் கிழிந்த ஹோஸ் ஒன்றை மட்டும் மாற்றி மூடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பக்கத்தில் இருப்பதும் அதே சூட்டில் அத்தனை வருடம் கிடந்ததுதான். எல்லா ஹோஸையும், எல்லா செக் வால்வையும் ஒரே முறையில் மாற்றிவிடுவேன். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். வேஸ்ட்கேட்டுக்கும் (அதிகப்படி எக்ஸாஸ்டை டர்போவுக்குப் போகாமல் திருப்பும் கதவு) ப்ரீகன்ட்ரோலுக்கும் (இரண்டாவது டர்போவுக்கு முன்கூட்டியே எக்ஸாஸ்டைக் கசியவிடும் கதவு) போகும் ஹோஸ்களுக்குள் நுண்ணிய துளை உள்ள ஒரு சின்னத் துண்டு ஒளிந்திருக்கும். பழைய ஹோஸோடு அதையும் குப்பையில் போட்டுவிட்டால் பூஸ்ட் கட்டுப்பாடே மாறிவிடும். கட்டுப்பாடு தவறி எப்போதாவது பூஸ்ட் எகிறினால் ரோட்டரி இன்ஜினின் அபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையில் இருக்கும் சீல்) உடையலாம், அதோடு இன்ஜினே போயிற்று. கழற்றிய ஒவ்வொரு ஹோஸையும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் தூக்கிப் போட வேண்டும்.

சிலிக்கான் ஹோஸ் சூட்டைத் தாங்கும், வேக்கத்துக்கு நல்லது. ஆனால் எண்ணெயும் பெட்ரோலும் படும் இடத்தில் ஊறி உப்பிவிடும், அங்கே வேறு ரப்பர்தான் போட வேண்டும். உள்விட்டமும் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். தளர்வாக நுழையும் ஹோஸ் நாளைக்குத் தானே கழன்றுகொள்ளும்.

ரேஸ் டிராக்கில் எப்போதும் உயர் ஆர்பிஎம்மிலேயே ஓட்டுகிறவர் இரண்டையும் ஒன்றாக ஓடவிடட்டும், அதில் நியாயம் இருக்கிறது. சாலையில் ஓட்டுகிறவருக்குக் கீழ் வேகத்து இழுவை போய்விடும். ரோட்டரியில் அது ஏற்கெனவே குறைவு. இந்த வண்டியை அவர் விரும்பி வாங்கியதே அந்த இரண்டு கட்ட இழுவைக்காகத்தான் இருக்கும். பராமரித்தால் நிற்கும் ஒன்றை, பராமரிக்கச் சலித்துக்கொண்டு அகற்றுவதை நான் ரிப்பேர் என்று எண்ணுவதில்லை.

வேலை முடிந்ததும் ஆர்பிஎம்மையும் பூஸ்டையும் பதிவு செய்துகொண்டே நான்காவது கியரில் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிப் பார்ப்பேன். அப்புறம், சூடான நிலையில் டாங்க் எவ்வளவு நேரம் வேக்கம் பிடிக்கிறது என்று அளந்து, இரண்டையும் ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கொடுத்துவிடுவேன். அடுத்த முறை யார் பார்த்தாலும் எண் குறைந்திருக்கிறதா என்று அங்கிருந்தே தொடங்கலாம்.