எட்டில் ஐந்து பிழைத்தன: பீ பஃபருக்குக் குடற்புழு மருந்து

நவம்பரில் சென்னை கொளத்தூரில் எட்டு பீ பஃபர் மீன் வாங்கினேன். வாங்கும்போதே இரண்டுக்கு வயிறு உள்வாங்கி இருந்ததைப் பார்த்தேன், கேட்டதற்கு, "பசி சார், வீட்டுக்குப் போய் தீனிப் புழு போடுங்க, சரியாயிடும்" என்றார் கடைக்காரர். நம்பினேன். நம்பியிருக்கக் கூடாது. இந்தக் குட்டிப் பேத்தை மீன் பண்ணையில் வளர்த்து வருவது குறைவு, கடைக்கு வருவதில் பெரும்பாலானவை கேரளத்து ஆறுகளிலும் காயலை ஒட்டிய தண்ணீரிலும் பிடித்தவைதான் (அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது). காட்டு மீன் என்றால் குடலில் புழு இருக்கும் என்று எடுத்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

தனித்தொட்டியில் விட்டேன், அது மட்டும் சரியாகச் செய்தேன். பத்து நாளும் நன்றாகச் சாப்பிட்டன. பிளட் வார்ம் (தீனியாகப் போடும் சிவப்புப் புழு), நத்தை, எது போட்டாலும் பாய்ந்து வந்து தின்றன, ஆனால் வயிறு மட்டும் ஏறவே இல்லை. இதைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன்: சாப்பிடாமல் மெலியும் மீனுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், வயிறு முட்டத் தின்றும் மெலிகிற மீனுக்கு முதலில் குடற்புழுவைத்தான் சந்தேகப்பட வேண்டும். எச்சமும் வெள்ளையாக நூல் மாதிரி தொங்கியது.

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மீன் கடையில் சொன்னேன். ஒரு நீல மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்து, "எல்லாத்துக்கும் இதுதான்" என்றார்கள். மெத்திலின் ப்ளூ. அது தோலிலும் முட்டையிலும் வரும் பூஞ்சைக்கு உதவும், குடலுக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. அதைவிட மோசம், மீன் கழிவில் வரும் அம்மோனியாவைக் குறைக்கும், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கெடுத்துவிடும். மூன்றாம் நாள் அம்மோனியா ஏறியது, ஏற்கெனவே நலிந்திருந்த இரண்டு மீனும் ஒரே இரவில் போய்விட்டன. புழுவால் சாகவில்லை, நான் ஊற்றிய மருந்தால் செத்தன. இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உருண்டைப் புழுவுக்கு லெவாமிசோல், நாடாப்புழுவுக்கு பிராசிகுவான்டல், கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் உயிரிகளுக்கு மெட்ரோனிடசோல் என்று ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஃபென்பெண்டசோலும் உருண்டைப் புழுவுக்குக் கேட்கும், ஆனால் சில நத்தைகளுக்கு ஆகாது, என் மீன்களோ நத்தை தின்பவை. மருந்தை உணவில் கலந்து கொடுக்கலாம் என்றால் பஃபர் உலர் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே தண்ணீரிலேயே கலக்கக்கூடிய லெவாமிசோல்தான் என் தேர்வு.

கிடைக்கத்தான் இல்லை. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள், அது நியாயம்தான். செல்லப்பிராணி மருத்துவமனைக்குப் போனால் வரவேற்பில் இருந்தவரே "நாய், பூனை மட்டும்தான்" என்று அனுப்பிவிட்டார், மருத்துவரைப் பார்க்கக்கூட விடவில்லை. ஒரு நண்பர் சொன்னார் என்று செங்குன்றம் பக்கம் ஒரு கால்நடை மருந்துக் கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். லெவாமிசோல் என்று கேட்டதும் மாட்டுக்கான ஒரு பாட்டிலைத் தந்தார்கள், பணம் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் லெவாமிசோலோடு ஆக்ஸிக்ளோசனைடு என்று இன்னொரு மருந்தும் கலந்திருக்கிறது. மாட்டின் ஈரல் புழுவுக்கானது. ஒரு அங்குல மீனுக்கு அதை ஊற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. திறந்த பாட்டில் இல்லை என்றாலும் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். ஒரு நாளும் காசும் போயிற்று. தயவுசெய்து கடையில் நின்றபடியே பாட்டிலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று முழுதாகப் படியுங்கள், நாய் மாத்திரைகளிலும் இதே போல இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருக்கும்.

இதற்குள் இன்னொரு மீன் போய்விட்டது.

வழி திறந்தது என் தம்பியால். அவன் விலங்கியல் முதுகலை படிக்கிறான். புது எச்சம் ஒரு துளியை உறிஞ்சி, காயாமல் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தேன், அவன் கல்லூரி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து மொபைலில் படம் எடுத்து வந்தான். எலுமிச்சம்பழம் போல் நீண்டு, இரண்டு முனையிலும் மூடி வைத்தாற்போல் முட்டைகள். கேபில்லேரியா என்ற உருண்டைப் புழு வகையின் அடையாளம் அது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போய், மருத்துவரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் படத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டார், "கோழிக்கும் இந்த வகைப் புழு வரும்" என்றார். மீன் பார்த்துப் பழக்கமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அளவை என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, 150 மில்லிகிராம் லெவாமிசோல் மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவ்வளவு நிம்மதி.

அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். இங்கேதான் பலர் தவறுவார்கள்: என் தொட்டியை 40 லிட்டர் என்று விற்றார்கள், பக்கெட்டால் அளந்து ஊற்றியபோது தண்ணீர் 34 லிட்டர்தான் இருந்தது. ஒரு மாத்திரையைப் பொடித்து 150 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம், அதில் 68 மில்லியை சிரிஞ்சால் அளந்து ஊற்றினேன். மாத்திரையின் மாவு அடியில் தங்கும், மெல்லிய துணியில் வடிகட்டிக்கொண்டால் நல்லது. ஃபில்டரில் கரி இருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிவிடும். வெளிச்சத்தில் மருந்து வீரியம் குறையும் என்பதால் விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடி, ஏர் பம்பை மட்டும் ஓடவிட்டேன்.

24 மணி நேரம் கழித்து அடியை முழுக்க சைஃபன் செய்து (குழாயால் உறிஞ்சி எடுத்து) பாதித் தண்ணீரை மாற்றினேன். இதை விடவே கூடாது. லெவாமிசோல் புழுவை முடக்கித்தான் போடுகிறது, கீழே விழுந்ததை மீன் திரும்பத் தின்றுவிட்டால் பயன் இல்லை. முட்டையை இந்த மருந்து ஒன்றும் செய்யாது, பொரித்து வருவதைப் பிடிக்க வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை கொடுத்தேன். மணல், செடி எதுவும் இல்லாத வெறும் தொட்டி என்பதால் சுத்தம் செய்ய முடிந்தது.

இரண்டாம் முறைக்குப் பிறகு எச்சம் பழுப்பாக வந்தது. எனக்கு அதைவிட நல்ல காட்சி இல்லை. மூன்றாவதற்குப் பின் தம்பி திரும்பப் பார்த்துவிட்டு முட்டை எதுவும் கண்ணில் படவில்லை என்றான். இப்போது நத்தைகளைக் குளத்திலிருந்து எடுப்பதில்லை, தனி டப்பாவில் நானே வளர்க்கிறேன். பிழைத்த ஐந்தில் நான்கை நேற்று பெரிய தொட்டிக்கு மாற்றினேன். கடைசி ஒன்று இன்னும் சின்னதாகவே இருக்கிறது, வயிறு பாதிதான் ஏறியிருக்கிறது, அது மட்டும் இன்னும் இரண்டு வாரம் தனித்தொட்டியில் இருக்கட்டும்.