ஊசி போடாததன் காரணம் யாருக்குத் தெரிய வேண்டும்?

கொரோனாக் காலத்தில் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டதை நான் குறை சொல்லவில்லை. கபடியில் ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படுகிறது. வெளியூர்ப் போட்டி என்றால் ஒரே வேன், ஒரே அறை. மற்ற மாணவர்களைவிட அவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் கேட்பது நியாயமே. ஊசி போட முடியாதவர் அதன் காரணத்தை யாரிடம் சொல்வது, அது எதுவரை போகலாம் என்பதைத்தான் பலரும் எண்ணிப் பார்க்கவில்லை.

என் தங்கை மகள் சேலத்தில் ஒரு கல்லூரியின் கைப்பந்து அணியில் இருந்தாள். முதல் தவணை போட்ட சிறிது நேரத்திலேயே உடலெங்கும் தடித்து, மூச்சுத் திணறி, மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆயிற்று. அப்படிக் கடும் ஒவ்வாமை வந்தவருக்கு அதே ஊசியை மறுபடி போடக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதலே சொன்னது; மருத்துவரும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கல்லூரியில் கொடுத்தாள். சில நாளில் உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. பெயர், துறை, முதல் தவணை, இரண்டாம் தவணை, கடைசியாகக் ‘காரணம்’ என்றொரு கட்டம். அவள் பெயருக்கு நேரே நீல மையில் ‘அலர்ஜி, மூச்சுத் திணறல்’ என்று எழுதியிருந்தது. யாரோ அதைப் படமெடுத்து அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, உறவினர் வரைக்கும் செய்தி போய், ‘அந்தப் பெண்ணுக்கு இளைப்பாமே’ என்று வரன் பேச வந்த இடத்தில் கேட்டார்கள். அவளுக்கு இளைப்பு நோய் இருந்ததே இல்லை.

எங்கள் சேலம் மாவட்டத்துக் கிரிக்கெட் வீரர் நடராஜனுக்கு 2021 செப்டம்பரில் துபாயில் தொற்று உறுதியானது உடனே வெளியே அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம், டோக்கியோ பாராலிம்பிக் தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்தவிருந்த உயரம் தாண்டும் வீரர் மாரியப்பன், தொற்றுள்ளவருடன் தொடர்பில் இருந்ததால் தனிமைப்படுத்தப்பட, அவருக்குப் பதிலாக இன்னொரு வீரர் தேக் சந்த் ஏந்தினார். நாடே பார்க்கும் ஆட்டத்தில் ஆள் மாறினால் விளக்கம் கேட்பார்கள். ஒரு கல்லூரி மாணவி இரண்டாம் தவணை ஏன் போடவில்லை என்பதை அறியும் தேவை ஊரில் யாருக்கும் இல்லை.

அமெரிக்காவின் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமயக் காரணத்தால் கட்டாய ஊசியிலிருந்து விலக்குக் கேட்டு மறுக்கப்பட்ட வீரர்கள் 2021-ல் நீதிமன்றம் சென்று, அந்த விதியைத் தங்கள்மீது செயல்படுத்த இடைக்காலத் தடை பெற்றார்கள். இங்கே, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-லேயே கூறிவிட்டார்கள். 2022 மே 2-ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில், எவரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்றும், பொது நலனுக்காக அரசு விதிக்கும் கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறக் கூடாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. விலக்குப் பெறும் உரிமையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், விலக்குச் சீட்டு எந்த மேசையில் கிடக்கிறது என்பதைப் பேசவேயில்லை.

செய்ய வேண்டியது கடினமானதும் அன்று. மருத்துவச் சீட்டைக் கல்லூரி மருத்துவர், அவர் இல்லாவிட்டால் பொறுப்பளிக்கப்பட்ட ஒரே ஒருவர், பார்த்தால் போதும். பயிற்சியாளருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: இவர் ஆடலாமா, போட்டிக்கு முன் பரிசோதனை எடுக்க வேண்டுமா. அதற்கு நோயின் பெயர் தேவையில்லை.

என் தங்கை கல்லூரி முதல்வரைப் பார்த்துப் பேசிய பிறகு அந்தத் தாளை எடுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவிலோ படம் இன்னும் இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் அதே குழுவில் சேர்கிறார்கள். தகவலைப் பெற்ற நோக்கம் முடிந்ததும் அதை அழிக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுவதைச் சுட்டிக்காட்டி, படத்தை நீக்கவும், உடற்தகுதிப் படிவத்தில் இன்றும் உள்ள ‘காரணம்’ என்ற கட்டத்தை எடுத்துவிடவும் கேட்டுக் கல்லூரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.