எல்லாரும் சாப்பிட்ட பிறகு

கர்ப்பிணிகள் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது ஒரே கேள்வியைக் கேட்டிருப்பேன். "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் அட்டையில் குறித்துக்கொண்டு, அடுத்த மாதத்துக்கான இரும்புச்சத்து மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து அனுப்புவேன். மறுமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் நகர்ந்திருக்காது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே இறங்கினாலே ரத்தச்சோகைதான். எங்கள் வரிசையில் 9, 8 என்று வருகிறவர்களே அதிகம். எல்லாருமே கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண்கள்.

அவர்களில் ஒருவருக்கு அது இரண்டாவது பிரசவம். ஆறாம் மாதம், ஹீமோகுளோபின் 8.2. தொடர்ந்து மூன்று மாதமாக அதே அளவு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குழந்தைக்காகவாவது சாப்பிடக் கூடாதா?" என்று வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் அட்டையை மூடிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் வரவில்லை. அந்த மாதம் முழுக்க எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

களப்பணியாளரைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மாத்திரை எங்கே என்று கேட்டதும், மறைக்காமல் ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். நான் எண்ணிக் கொடுத்த மாத்திரை அட்டைகள் அப்படியே ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. முதல் அட்டையில் மட்டும் நான்கு குழி காலி.

"இதப் போட்டா வயித்தப் புரட்டுது சிஸ்டர். வெளிக்கி கறுப்பாப் போச்சு. உள்ள ஏதோ அழுகிப்போச்சுன்னு பயந்துட்டேன்."

இரும்புச்சத்து உள்ளே போனால் மலம் கறுப்பாகும், அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. இந்த ஒரு வரியை எங்களில் யாருமே அவரிடம் சொல்லவில்லை. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறவர், வெறும் வயிற்றில் டீயோடு மாத்திரையை விழுங்கியிருக்கிறார். வெறும் வயிறு என்றால் குமட்டல் கூடும். போதாததற்கு, இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

அன்று சமையல் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கணவர் சாப்பிட்டார், மகன் சாப்பிட்டான், அப்புறம் மாமியார். கடைசியில் அவர் பானையைச் சாய்த்துக் கரண்டியால் சுரண்டினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தட்டில் விழுந்தது இரண்டு கைப்பிடிகூட இருக்காது. அந்த வீட்டில் யாரும் கொடுமைக்காரர் இல்லை. பானையில் என்ன மிஞ்சியது என்று எட்டிப் பார்க்கும் வேலை அங்கே யாருக்கும் இருந்ததில்லை, அவ்வளவுதான். நானும் அதுவரை பார்த்ததில்லையே! நான்காம் மாதத்துக்கு மேல் தினமும் ஏறக்குறைய 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்று படித்துத் தேறியவள், சுவரில் மாட்டிய படத்தைக் காட்டி "பால், பழம், முட்டை சாப்பிடுங்க" என்று சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அதன்பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "நேத்து ராத்திரி எல்லாரும் சாப்பிட்டதுக்கு அப்புறம் என்ன மிச்சம் இருந்துச்சு?" இதற்கு யாரும் சும்மா தலையாட்ட முடியாது. கொஞ்ச நேரம் யோசித்து, உள்ளதைச் சொல்வார்கள். கூட வந்த மாமியாரையோ கணவரையோ வெளியில் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட ஆரம்பித்தோம். அந்தப் பெண்ணின் மாமியார் முன்னாலேயே மருமகளின் மேல்கையை டேப்பால் சுற்றி அளந்தேன். 21 சென்டிமீட்டர். 23க்குக் கீழே இருந்தால் உடம்பில் சத்துக் குறைவு என்று கணக்கு. "இவ்வளவுதானா இவ கை?" என்று அந்த அம்மா டேப்பை வாங்கித் தன் கையிலும் சுற்றிப் பார்த்தார். சமைத்ததும் முதலில் இவளுக்கு எடுத்து மூடி வைத்துவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார்.

பானையே காலியாக இருக்கிற வீடுகளும் உண்டு. அங்கே போய் முதலில் எடுத்து வையுங்கள் என்று பேசினால் யாருக்கு வயிறு நிறையும்? சத்துக்குறைவு அதிகம் உள்ள இடங்களில் கர்ப்பிணிகளுக்குப் புரதமும் கலோரியும் சேர்ந்த கூடுதல் உணவு தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மாத்திரைக்குச் சமமாக அந்த உணவும் எங்கள் கையிலிருந்து போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதே நிறுவனம் 2016இல், கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பரிசோதனை வேண்டும், முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கு முன்பு 4 முறைதான். நல்ல மாற்றம். ஆனால் தினக்கூலிக்காரருக்கு 8 பரிசோதனை என்றால் 8 நாள் கூலி போச்சு. நாங்களோ காலையில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். வாரத்தில் ஒரு நாளைச் சாயங்காலத்துக்கு மாற்றி, எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர் எல்லாவற்றையும் ஒரே வருகையில் முடித்து அனுப்பத் தொடங்கிய பிறகு வரிசை நீண்டது.

இந்த வேலையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிற ஒருவர் லூசி வில்ஸ். 1928இல் பம்பாய்க்குப் போய், துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தச்சோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர். கிருமியைத் தேடியதோடு நிற்காமல், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் பார்த்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அதற்குள் இருந்த சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று தெரியவந்தது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். அது சரியாக மூடுவதற்கும் இந்தச் சத்து வேண்டும். நாலாம் மாதம் வருகிறவருக்கு நாங்கள் கொடுக்கும் ஃபோலிக் மாத்திரை ரத்தத்துக்கு உதவும், அந்தக் குழாய்க்கு உதவாது. அதனால் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்மாரிடமே, அடுத்த குழந்தைக்கு நினைக்கும்போதே வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம்.

அந்தப் பெண்ணுக்குப் பிரசவ நேரத்தில் ஹீமோகுளோபின் 10.1. 11ஐத் தொடவில்லை என்ற குறை எனக்கு உண்டு. குழந்தை 2.6 கிலோ. 2.5க்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை என்று எழுத வேண்டியிருக்கும். எடை மிஷின் முள் நிற்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு சாயங்கால ஓபியில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஏழாவது வாரம். இவ்வளவு சீக்கிரம் யாரும் வருவதில்லையே என்று கேட்டேன். "எங்க அண்ணிதான் போகச் சொன்னாங்க" என்றாள். பேரைச் சொன்னதும் தகர டப்பா ஞாபகம் வந்தது. மாத்திரையைக் கையில் கொடுத்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடணும். வெளிக்கி கறுப்பாப் போகும், பயப்படக் கூடாது. சரிதானே சிஸ்டர்?"