நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடிய கிழ லாரி

ஜூன் 4, சங்ககிரி

தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல் தீவன ஆலைக்கு வந்துகொண்டிருந்தேன். தொப்பூர் இறக்கத்தில் மீட்டர் போர்டு அணைந்துவிட்டது. வேக முள், ஏர் முள், டீசல் முள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே படுத்துவிட்டன. வேகம் தெரியாவிட்டால் தொலைகிறது, கியரை வைத்து ஊகிக்கலாம். பிரேக்குக்கு ஏர் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அங்கே இறங்கினால் வயிற்றில் புளி கரைக்கிறது. மூன்றாம் கியரிலேயே விட்டேன். டேங்கில் ஏர் நிரம்பியதும் அடியில் 'புஸ்' என்று காற்றைத் துப்புமே, அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். கேட்டது. போர்டின் மேல் ஒரு குத்து விட்டதும் விளக்கு வந்தது. அடுத்த பள்ளத்தில் மறுபடி போனது.

ஜூன் 5

காலையில் தானாகவே எரிந்தது, ஆனால் வேறொரு கூத்து. ஓடிய தூரம் 8,41,207. திரையில் 041207 என்று நிற்கிறது. முதல் எட்டின் நடுக்கோடு காணாமல் போய், எட்டு பூஜ்யமாகிவிட்டது. "இப்படியே விற்றுவிடலாங்களா அண்ணா?" என்று கிளீனர் பையன் சிரிக்கிறான்.

உதிரிபாகக் கடையில் போர்டையே மாற்றச் சொன்னார்கள். புதிதின் விலைக்கு ஒரு லோடு வாடகையில் பாதி போய்விடும். உடைத்த வண்டியின் பழைய போர்டு மலிவுதான். அதன் சில்லுக்குள் வேறு யாரோ ஓட்டிய கிலோமீட்டர் இருக்கும். ஆயில், கிளட்ச், டயர் எல்லாக் கணக்கும் என் நோட்டில் இந்த எண்ணை வைத்துத்தான் இருக்கிறது. மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 7, திருச்செங்கோடு

போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் போர்டைத் தொடவே இல்லை. முதலில் பியூஸ், அப்புறம் போர்டுக்கு வரும் சாக்கெட்டில் வோல்ட் மீட்டரை வைத்தார். அணைந்த வண்டியில் 24.8 வோல்ட், ஓடும்போது 27.9. வயரை ஆட்டினார், அளவு அசையவில்லை. எர்த்தும் சுத்தம். "வெளியே பழுதில்லை கண்ணு, உள்ளேதான்" என்றார். பேட்டரி வயரைக் கழற்றிய பிறகே போர்டு வெளியே வந்தது.

பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். சாக்கெட்டின் பின்கள் பலகையில் பற்றவைக்கப்பட்ட இடத்தில், ஒரு பின்னைச் சுற்றி மட்டும் தலைமுடி அளவுக்குக் கறுப்பு வளையம். ஈயம் வெடித்திருக்கிறது. பகல் சூட்டில் விரிந்து, இரவில் சுருங்கி, ரோட்டின் அதிர்ச்சியையும் வாங்கி விட்ட வெடிப்பு. நான் விட்ட குத்தில் பின் ஈயத்தைத் தொட்டிருக்கிறது, பள்ளத்தில் விலகியிருக்கிறது. "சும்மா சூடு காட்டினால் மறுபடி வெடிக்கும்" என்று பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். நன்றாக இருந்த மற்ற பின்களுக்கும் சேர்த்து.

எட்டின் கோடு தனிக் கதை. கண்ணாடித் திரைக்கும் பலகைக்கும் நடுவே வயரே கிடையாது, ஒரு ரப்பர் பட்டைதான். மின்சாரம் கடத்தும் வரியும் கடத்தாத வரியும் மாறி மாறி இருப்பதால் சீப்ரா என்கிறார்கள். அதன் ஓரத்தில் புழுதி. பதினைந்து வருட மக்காச்சோளத் தூசி என்று நினைக்கிறேன். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, விரல் படாமல் திரும்ப வைத்தார். எட்டு எட்டாகிவிட்டது. கூலியைக் கேட்டால் டீ வாங்கிக் கொடு என்கிறார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

ஜூன் 8

வண்டி நிற்கிறது. பங்காளி வீட்டுக் கல்யாணம்.

ஜூன் 11

அதே லோடு, அதே தொப்பூர். ஏர் முள் எட்டில் நின்றபடியே இறங்கியது. பாலத்தின் இணைப்புகளில் தூக்கிப்போட்டபோதும் ஒரு விளக்கும் சிமிட்டவில்லை. சேலத்தில் பார்த்தேன்: 8,42,266.

டீசல் முள் மட்டும் இன்னும் பாதியிலேயே நின்று பொய் சொல்கிறது. அது போர்டின் குற்றமல்ல, டேங்கில் இருக்கும் மிதவை. அதைச் சரிசெய்யும் வரைக்கும் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.