ஓர்த்தோனாவில் தோமையார் காலடியில்

தம்பி ஐசியூவில் கிடந்தபோது அம்மா சென்னை சாந்தோமில் இயேசுவின் சீடர் தோமையாருடைய கல்லறைக்குப் போய் நேர்ந்துகொண்டார். பிள்ளை எழுந்து நடந்தால், தோமையாரின் எலும்புகள் இருக்கிற ஊருக்கே வந்து முழந்தாளிடுகிறேன் என்று. தம்பி நடந்தான். இந்த மே மாதம் அம்மாவும் நானும் இத்தாலியில் ஓர்த்தோனாவுக்குப் போய் அந்த நேர்ச்சையைச் செலுத்தினோம். ஆண்டவருக்குத் தோத்திரம்.

பக்கத்து நகரமான பெஸ்காராவிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். ஆனால் ஸ்டேஷன் கீழே கடலோரம், ஊர் மேலே குன்றின் மேல். அந்தச் சின்னத் தூரத்துக்கு வெளியே நின்ற கார்க்காரர் கேட்ட காசு நியாயமே இல்லை. அம்மா, "நேர்ச்சைக்கு வந்தவ நடந்தே போறேன்" என்று செபமாலையை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். மூட்டுவலி உள்ளவர். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கீழே தெரிந்த அட்ரியாட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

மயிலையில் அடக்கம் செய்யப்பட்ட திருத்தூதரின் எலும்புகள் இன்றைய துருக்கியில் உள்ள எதேசாவுக்கும், பிறகு கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்கும் போனதாக மரபு. 1258-இல் கியோஸிலிருந்து லியோனே என்ற கப்பல் தலைவர் அவற்றை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். கூடவே புனிதரின் உருவமும் கிரேக்க எழுத்தில் பெயரும் செதுக்கிய கல்லறைக் கல்லும் வந்தது. 1566-இல் துருக்கியர் கோயிலுக்குத் தீ வைத்தார்கள். 1943 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நேரத்தில், கனடியப் படையும் ஜெர்மானியரும் இங்கே வீட்டுக்கு வீடு சுவரை உடைத்துக்கொண்டு சண்டையிட்டார்கள். ஊர்மக்களிலேயே 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். கோயிலும் பாதி இடிந்தது. எலும்புகள் தப்பின. இதை அவருடைய காவல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நாங்கள் போனது பெரிய திருவிழா நேரம். மே முதல் ஞாயிறு. 1479-இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் கொடுத்த பரிபூரணப் பலனுக்காக, அதாவது பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் அருளுக்காக, மக்கள் வருகிறார்கள். முந்தைய நாள் பழங்கால உடையில் வெள்ளிச் சாவிகளோடு ஊர்வலம். அம்மா குள்ளம். முன்னால் நின்றவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. சாமி கும்பிட வருகிற இடத்தில் இப்படி மறைத்துக்கொண்டு நிற்கலாமா? எனக்கு மனசு பொறுக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே நிலவறைக்கு இறங்கிவிட்டோம். தாழ்ந்த கூரை, பளிங்குப் பீடம், அதற்கடியில் பொன் முலாம் பூசிய செம்புப் பேழை. அதற்குள் அவர். அம்மா முழந்தாளிட்டு, நெற்றியைப் பீடத்தில் வைத்தார். மனப்பாடமான செபம் ஒன்றும் வரவில்லை. "ஐயா, எங்க ஊருக்கு நடந்து வந்தீங்களே, நாங்க வந்துட்டோம்யா" என்று சத்தமாகவே அழுதார். பக்கத்தில் கறுப்பு உடுப்பில் ஒரு பாட்டி. ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அம்மாவின் முதுகில் கைவைத்து, தன் செபமாலையை உருட்டிக்கொண்டே அப்படியே இருந்தார். பின்னால் வரிசை நின்றது, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

எனக்கும் நான் எழுதி வைத்திருந்த வேண்டுதல் பட்டியல் வாய்க்கு வரவில்லை. "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்று அவர் சொன்னதையே அவர் முன்னால் திரும்பத் திரும்பச் சொன்னேன். தம்பியைத் தந்தீரே, அம்மாவின் கால்களுக்குப் பலம் தந்தீரே, நன்றி ஐயா, நன்றி. அடுத்த முறை தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.